பொதுச் சுவர்களின் ஒலித்தடுப்புக் குறையைச் சரிசெய்து தரக் கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
ஏ முதல் எஃப் வரையிலான பிளாக்குகள்.

பெறுநர்
உயர்திரு மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
குடியிருப்பைக் கட்டி ஒப்படைத்த வாரியம்.

வழி: செயற்பொறியாளர், கோட்ட அலுவலகம்.

பொருள்: அடுத்தடுத்த வீடுகளுக்கு இடையிலுள்ள பொதுச் சுவர்கள் ஒலியைத் தடுக்காமை – கட்டுமானக் குறையாக ஏற்று, வாரியச் செலவில் சரிசெய்து தரக் கோருதல் – பிற கோரிக்கைகள் – தொடர்பாக.

பார்வை: இப்பொருள் குறித்த எங்கள் முந்தைய கடிதங்களும், கோட்ட அலுவலகத்தின் பதில்களும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பெற்ற வரைபட நகலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவு பெற்ற எங்கள் சங்கம், ஆறு பிளாக்குகளின் ஒதுக்கீட்டாளர்கள் சார்பில், பொதுக்குழுத் தீர்மானத்தின்படி இம்மனுவை அளிக்கிறது.

இதிலுள்ள முதல் கோரிக்கை தங்கள் அலுவலகத்துக்குப் புதிதல்ல. ஆனால் நாங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதமும் புது மனுவாகவே எண் இடப்பட்டு, பழைய கோப்போடு சேராமலே முடித்துவைக்கப்படுகிறது. ஆகவே நடந்ததை முதலிலிருந்தே திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. நீளத்தைப் பொறுத்துக்கொண்டு கடைசி வரி வரை படித்தருள வேண்டுகிறோம்.

முந்தைய கடிதங்கள்

சாவி ஒப்படைத்த ஆண்டில், தீபாவளி கழிந்த வாரம் முதல் கடிதம் கொடுத்தோம். இரு வீடுகளுக்குப் பொதுவான சுவர் வழியாகச் சாதாரணப் பேச்சு சொல் பிசகாமல் கேட்கிறது. பொறியாளர் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் செய்யுங்கள் என்பதே அதன் சாரம். ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. வேறெதுவும் வரவில்லை.

பொங்கலுக்குப் பிறகு, வீட்டு எண் வாரியாகப் பட்டியலிட்டு, வீட்டுக்காரர்களின் கையெழுத்தோடு இரண்டாம் கடிதம் கொடுத்தோம். உதவிப் பொறியாளர் ஒருவர் வந்தார். வேலை நாள், முற்பகல் பதினோரு மணி. பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருந்த நேரம். சுவரைத் தட்டிப் பார்த்தார். விரிசல் இல்லை, ஓதம் இல்லை என்று குறித்துக்கொண்டார். சுவர் உறுதியாக இருப்பதாகப் பதில் வந்தது. சுவர் இடிந்து விழும் என்று எங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஒலி கேட்கிறதா என்று பார்க்க வந்தவர், ஒலியே இல்லாத நேரத்தில் வந்து, ஒலியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் திரும்பினார்.

மூன்றாம் கடிதத்தில் இதைச் சுட்டிக்காட்டினோம். அதற்கு வந்த பதில் எழுத்துமூலமாகவே எங்களிடம் உள்ளது. அடுக்குமாடி வாழ்க்கையில் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அனுசரித்துப் போக வேண்டும். தொந்தரவு அதிகமானால் காவல் நிலையத்தை அணுகலாம். சுவரில் கனமான திரைச்சீலை கட்டிப் பார்க்கலாம். எங்கள் உறுப்பினர்களை மிகவும் புண்படுத்தியது இந்தப் பதில்தான். அதற்கான மறுமொழியைக் கீழே விரிவாகத் தந்திருக்கிறோம்.

பின்னர் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். அது முறைப்படி தக்க நடவடிக்கைக்காகத் தங்கள் வாரியத்துக்கு வந்து, அங்கிருந்து கோட்ட அலுவலகத்துக்கு இறங்கி, ஏற்கெனவே பதில் அளிக்கப்பட்டுவிட்டது என்ற குறிப்போடு முடிந்துபோனது. நாங்கள் எந்தப் பதிலை எதிர்த்து மனு கொடுத்தோமோ, அந்தப் பதிலே மனுவுக்கும் பதிலாயிற்று.

கடைசியாக, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் எங்கள் பிளாக்குகளின் சுவர் விவரத்தைக் கேட்டுப் பெற்றோம். இம்மனு இவ்வளவு விவரத்தோடு எழுதப்படுவதற்கு அந்த நகலே காரணம்.

கோரிக்கை 1: பொதுச் சுவர்களின் ஒலித்தடுப்பு

தாங்கள் தந்த வரைபடத்தின்படி, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருப்பது 100 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஏஏசி (காற்றேற்றிய கான்கிரீட்) பிளாக் சுவர், இருபுறமும் பூச்சு. ஒரே வீட்டுக்குள் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருப்பதும் அதே 100 மில்லிமீட்டர் சுவர்தான். வீட்டைப் பிரிக்கும் சுவரும் அறையைப் பிரிக்கும் சுவரும் ஒன்றே என்று வரைந்த இடத்திலேயே குறை தொடங்கிவிட்டது.

இவை இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதை நாங்கள் புதிதாகச் சொல்லவில்லை. அன்றைய இந்தியத் தர நிறுவனம் 1962-இல் வெளியிட்ட ஐஎஸ் 1950 என்னும் செய்முறை நெறி, ஆலையல்லாத கட்டடங்களின் ஒலித்தடுப்புக்கென்றே எழுதப்பட்டது. ஒரு வீட்டின் கூடத்துக்கும் அடுத்த வீட்டின் கூடம், படுக்கையறைகளுக்கும் நடுவே 50 டெசிபெல் தடுப்பு வேண்டும் என்றும், ஒரே வீட்டின் அறைகளுக்கு நடுவே 35 டெசிபெல் போதும் என்றும் அது தனித்தனியாகப் பிரித்துச் சொல்கிறது. தேசியக் கட்டட நெறித் தொகுப்பும் தன் எட்டாம் பாகத்தின் நான்காம் பிரிவை முழுவதும் ஒலியியலுக்கும் ஒலித்தடுப்புக்குமே ஒதுக்கியிருக்கிறது. வீட்டுக்கு வீடு 50 என்பது எங்கள் ஆசைக்கு எழுதிய எண் அல்ல. இந்த நாட்டின் பொறியாளர்கள் 1962-லேயே எழுதிவைத்த எண். தங்கள் பொறியாளர்கள் படித்துத் தேறிய பாடத்திலும் அது உண்டு.

35-க்கும் 50-க்கும் பதினைந்துதானே வித்தியாசம் என்று கோட்ட அலுவலகத்தில் ஒருவர் வாய்மொழியாகக் கேட்டார். டெசிபெல் அப்படிக் கூட்டிக் கழிக்கும் அளவு அல்ல. தடுப்பு பத்து டெசிபெல் குறைந்தால் சுவரைக் கடந்து வரும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது. பதினைந்து குறைந்தால் ஏறத்தாழ முப்பது மடங்கு. சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல். 50 தடுக்கும் சுவரைத் தாண்டி அது வரும்போது காதுக்கு எட்டாத அளவுக்குத் தேய்ந்துவிடும். 35 மட்டுமே தடுக்கும் சுவரைத் தாண்டினால், ஊர் அடங்கிய இரவில் பேசுவது யார், என்ன பேசுகிறார் என்று இரண்டும் தெரியும்.

ஒலியைத் தடுப்பது சுவரின் எடை. ஏஏசி பிளாக் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 600 கிலோ. சுட்ட செங்கல் அதைப்போல் மூன்று மடங்கு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை இருபுறமும் பூசினால் 50 டெசிபெலை ஒட்டி வரும். எங்கள் பாட்டன்மார் வீட்டுச் சுவர்கள் யாரும் கணக்குப் போடாமலே அதைச் செய்தன. ஏஏசி பிளாக்கை நாங்கள் குறை சொல்லவில்லை. வெயிலைத் தடுக்கிறது, பீம்களுக்குப் பாரம் குறைகிறது, வேலை சீக்கிரம் முடிகிறது. எடை குறைந்த பிளாக்கைத் தேர்ந்தெடுத்தால், வீடுகளுக்கு நடுவே மட்டுமாவது இடைவெளி விட்டு இரட்டைச் சுவர் எழுப்பியிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

வரைபடத்தில் இல்லாத இன்னொரு குறை, கட்டிய விதத்தில் உள்ளது. சி பிளாக்கில் ஒரு வீட்டில் ஃபேன் ரெகுலேட்டர் பழுதாகி, எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் பலகையைக் கழற்றினார். மெட்டல் பாக்ஸின் பின்பக்கம் குழாய்க்காகத் தட்டிய துளை திறந்தே இருந்தது. அதன் வழியே அடுத்த வீட்டுக் கூடத்து டியூப்லைட் வெளிச்சம் தெரிந்தது. இந்தப் பக்கத்துப் பாக்ஸும் அந்தப் பக்கத்துப் பாக்ஸும் முதுகோடு முதுகு ஒட்டி, ஒரே காடியில் வைக்கப்பட்டிருந்தன. நடுவே சாந்துகூட இல்லை. பிறகு எங்கள் உறுப்பினர்கள் சிலர் தத்தம் வீட்டுப் பலகைகளைக் கழற்றிப் பார்த்தார்கள். பார்த்த இடமெல்லாம் அப்படித்தான். படங்கள் இணைப்பில் உள்ளன. அதே போல், சுவரின் மேல் வரிசைக்கும் பீமுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் பல வீடுகளில் உள்ளே அடைக்கப்படாமல், மேலே பூச்சு மட்டும் இழுத்து மறைக்கப்பட்டிருக்கிறது. பூச்சு காய்ந்து மயிரிழை விட்ட இடங்களில் அடுத்த வீட்டுச் சாம்பிராணி வாசனைகூட வருகிறது.

இது சின்ன விஷயம் அல்ல. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும். அந்தச் சுவர் என்ன தடிமனாக இருந்தாலும் அதன் தடுப்பு 20 டெசிபெலுக்கு மேல் போகாது. பத்தடிக்குப் பத்தடி சுவரில் அது ஒரு சதுர அடி. எங்கள் சுவர்களில் அவ்வளவு பெரிய திறப்பு இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதை அளந்தால்தான் தெரியும். அளக்கச் சொல்லித்தான் தொடக்கத்திலிருந்தே கேட்கிறோம். கைபேசிச் செயலியில் நாங்கள் எடுத்த அளவுகளை வேண்டுமென்றே இங்கே சேர்க்கவில்லை. அவற்றைக் காரணம் காட்டி இம்மனுவைத் தள்ள இடம் தர நாங்கள் விரும்பவில்லை.

இந்தச் சுவரோடு எப்படி வாழ்கிறோம் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். ஒரு வீட்டில் பெண்ணுக்கு வரன் பேச வந்தார்கள். எத்தனை சவரன் போடுவது, கையில் எவ்வளவு ரொக்கம் இருக்கிறது, எங்கே கடன் வாங்குவது என்று வந்தவர்கள் போனபின் தாயும் தகப்பனும் படுக்கையறைக்குள் பேசிக்கொண்டது அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிட்டது. கேட்டவர்கள் நல்லவர்கள், மறுநாள் உதவி செய்யத்தான் வந்தார்கள். ஆனால் அந்தத் தாய் அன்றிலிருந்து முக்கியமான எதையும் வீட்டுக்குள் பேசுவதில்லை. மொட்டை மாடிக்குப் போகிறார். மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்துவிட்டுக் காலையில் வந்து படுக்கும் செவிலியர் ஒருவர், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிக்குத் தப்பிக் குளியலறை ஓரம் பாய் விரித்துத் தூங்குகிறார். அந்தப் பக்கத்து வீட்டில் இருப்பவரோ காது மந்தமான முதியவர். ஒலியைக் குறைத்தால் அவருக்குக் கேட்காது. இதில் யாரை அனுசரிக்கச் சொல்கிறீர்கள், ஐயா? விடியற்காலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டும் பெண்கள் மிக்ஸியைச் சமையல் மேடையிலிருந்து இறக்கி, கூடத்தின் நடுவில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் வைத்துச் சட்னி அரைக்கிறார்கள். மேடை பொதுச் சுவரில் பதிந்திருப்பதால் அதன் அதிர்வு நேராக அடுத்த வீட்டுக் கட்டிலுக்குப் போகிறது என்பதை யாரும் சொல்லாமலே அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பொதுத்தேர்வு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் பிள்ளைக்கு எதிர்ப் பக்கத்துக் குழந்தையின் அழுகை தன் தோளில் கேட்பதுபோல் கேட்கிறது.

அனுசரித்துப் போவதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவுக்கு மீறி அனுசரித்துவிட்டோம். சொந்த வீட்டில் குசுகுசுவென்று பேசி வாழ்வது அனுசரணையின் எல்லையையும் தாண்டியது.

காவல் நிலையத்தை அணுகலாம் என்ற பதிலுக்கு வருகிறோம். ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபெல் என்று வரம்பு வைக்கின்றன. அவை ஒலிபெருக்கிக்கும் ஜெனரேட்டருக்கும் பொருந்தும். குழந்தை அழுதது, கிழவர் இருமினார், கணவனும் மனைவியும் பேசினார்கள் என்று எந்தக் காவல் நிலையத்தில் புகார் எழுதுவது? எங்கள் அண்டை வீட்டார் மீது எங்களுக்குப் புகாரே இல்லை. அவர்கள் தங்கள் வீட்டில் வாழ்கிறார்கள், நாங்களும் அப்படித்தான். புகார் சுவர் மீது. அந்தச் சுவரைக் கட்டியது வாரியம். கட்டியவரிடம் கேட்க வேண்டியதைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்கச் சொல்லும் அந்தப் பதிலால், நன்றாக இருந்த இரண்டு குடும்பங்கள் எங்கள் பிளாக்குகளில் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விட்டன.

திரைச்சீலை பற்றியும் ஒரு வார்த்தை. திரை, மெத்தைத் துணி, தெர்மோகோல், சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்சு எல்லாம் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். சுவரைத் துளைத்து வரும் ஒலியை நிறுத்த அவற்றுக்கு எடை கிடையாது. இதை அறியாமல் சில குடும்பங்கள் தங்கள் பணத்தில் ஸ்பாஞ்சு வாங்கி ஒட்டி ஏமாந்தன. பொறியாளர் அலுவலகத்திலிருந்து எழுத்துமூலம் வந்த யோசனை என்பதாலேயே நம்பிச் செலவழித்தார்கள்.

நெறித் தொகுப்பு வெறும் பரிந்துரை, கட்டாயம் இல்லை என்பது கோட்ட அலுவலகத்தின் இறுதி வாதமாக இருக்கிறது. வாரியம் அச்சிட்டு எங்களுக்குக் கொடுத்த ஒதுக்கீட்டுக் கையேட்டில், கட்டுமானம் தேசியக் கட்டட நெறித் தொகுப்பின்படி அமையும் என்று எழுதியிருக்கிறது. அந்த வாக்கியத்தை நம்பித்தான் முன்பணம் கட்டினோம், வங்கிக் கடன் வாங்கினோம். பரிந்துரையாக இருந்ததை வாக்குறுதியாக மாற்றியது வாரியமே. ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016-இன் பிரிவு 14(3), சாவி ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள், கட்டமைப்புக் குறை மட்டுமின்றி, வேலைத்திறன், தரம் ஆகியவற்றில் உள்ள எந்தக் குறை கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டாலும், மேற்கொண்டு கட்டணம் இன்றி முப்பது நாட்களுக்குள் சரிசெய்து தரும் கடமையைக் கட்டியவர் மீது வைக்கிறது. பொது அமைப்புகள் கட்டி ஒதுக்கும் வீடுகளுக்கும் இச்சட்டம் பொருந்தும். எங்கள் முதல் கடிதம் முதல் ஆண்டிலேயே தங்கள் கவனத்துக்கு வந்துவிட்டது. ஒப்புகைச் சீட்டு சாட்சி. 50 டெசிபெல் வர வேண்டிய சுவரை 35-க்கான சுவராகக் கட்டியது தரக்குறை. சுவிட்ச் பாக்ஸ்களை முதுகோடு முதுகு ஒட்டிவைத்தது வேலைத்திறன் குறை.

உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று ஒலி மாசு வழக்கில் அளித்த தீர்ப்பு, அமைதியாக வாழும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் கூறு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. தன் வீட்டுக்குள் இருப்பவரை, வேண்டாத ஒலியைக் கேட்கும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அத்தீர்ப்பின் நிலை.

ஆகவே கோருவது இது. முதலில், ஒவ்வொரு பிளாக்கிலும் தரைத்தளம், நடுத்தளம், மேல்தளம் என்று வீடுகளைச் சங்கத்தோடு சேர்ந்து தேர்ந்தெடுத்து, ஐஎஸ் 9901 சொல்லும் கள அளவீட்டு முறைப்படி, தகுதியுள்ள ஒலியியல் ஆய்வகத்தைக் கொண்டு அளக்க வேண்டும். ஒரு வீட்டில் ஒலிபெருக்கியும் அடுத்த வீட்டில் மைக்ரோஃபோனும் வைத்துச் செய்யும் சோதனை அது; சுவரை உடைக்க வேண்டியதில்லை. அறிக்கை நகல் சங்கத்துக்குத் தரப்பட வேண்டும்.

அடுத்து, அறிக்கைக்குக் காத்திராமலே, முதுகோடு முதுகாக உள்ள சுவிட்ச் பாக்ஸ்களைப் பிரித்து இடம் மாற்றி, பழைய குழிகளைச் சாந்தால் முழுமையாக அடைக்க வேண்டும். பீம் இடைவெளிகளையும் உள்ளே வரை அடைக்க வேண்டும். இது ஒரு கொத்தனார், ஒரு எலக்ட்ரீஷியன் வேலை. பெரிய நிதி ஒதுக்கீடு கேட்கும் வேலை அல்ல.

பிறகு, அளவீடு 50-க்குக் குறைந்த சுவர்களுக்கு, பழைய சுவரைத் தொடாமல் தனியே நிற்கும் உலோகச் சட்டம் அமைத்து, உள்ளே கனிமக் கம்பளி நிரப்பி, மேலே ஜிப்சம் பலகையை இரண்டு அடுக்காக, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி பொருத்தி, ஓரங்களை ஒலியடைப்புப் பசையால் மூட வேண்டும். சட்டம் சுவரைத் தொட்டுவிட்டால் செலவெல்லாம் வீண் என்பதால், மேற்பார்வை வேண்டும். ஏறத்தாழ நான்கு அங்குல இடம் போகும். அதை ஏற்றுக்கொள்கிறோம் என்று பொதுக்குழுவில் தீர்மானம் செய்துள்ளோம். முதலில் ஒரு சோடி வீட்டில் மாதிரியாகச் செய்து, மீண்டும் அளந்து, பலன் தெரிந்தபின் மற்ற வீடுகளுக்கு விரிவாக்கலாம். இந்தச் செலவில் ஒரு ரூபாயும் ஒதுக்கீட்டாளர் தலையில் விழக் கூடாது.

வருங்காலத்துக்கும் ஒன்று. வாரியம் இனிக் கட்டும் குடியிருப்புகளில் ஒலிச் சோதனையில் தேறாமல் சாவி ஒப்படைக்கக் கூடாது. இங்கிலாந்தில் புதுக் குடியிருப்புகளுக்கு இப்படிச் சோதனை செய்வது கட்டட விதிகளிலேயே இடம்பெற்றுள்ளது. எங்களுக்கு நேர்ந்தது அடுத்த குடியிருப்புக்காரர்களுக்கும் நேரக் கூடாது என்பதற்காகவே இதைச் சேர்க்கிறோம்.

பிற கோரிக்கைகள்

கோரிக்கை 2: தண்ணீர் மோட்டார் அறையில் பம்புகளின் அடியில் ரப்பர் மெத்தைகள் பொருத்தி அதிர்வைக் குறைத்துத் தருமாறு கோரப்படுகிறது.

கோரிக்கை 3: பொது டக்டில் செல்லும் கழிவுநீர்க் குழாய்களின் தளர்ந்த கிளாம்புகளை மாற்றி, டக்ட் கதவுகளைச் சரிசெய்து தருமாறு கோரப்படுகிறது.

கோரிக்கை 4: டி, இ பிளாக்குகளில் லிஃப்ட் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகியுள்ளதைப் புதுப்பித்துத் தருமாறு கோரப்படுகிறது.

கோரிக்கை 5: உள்சாலையில் எரியாத தெருவிளக்குகளையும், உடைந்த மழைநீர் வடிகால் மூடிகளையும் மாற்றித் தருமாறு கோரப்படுகிறது.

கோரிக்கை 6: பிளாக் பெயர்ப்பலகைகளும் அறிவிப்புப் பலகையும் அமைத்துத் தருமாறு கோரப்படுகிறது.

ஐயா, இரண்டு முதல் ஆறு வரையிலான கோரிக்கைகளை நிறைவேற்றிவிட்டு, மனுவின் பெரும்பகுதி தீர்க்கப்பட்டது என்று கோப்பை முடிக்க வேண்டாம். முதல் கோரிக்கைக்குத் தனியாக, எழுத்துமூலமான பதில் முப்பது நாட்களுக்குள் வேண்டும். வராவிட்டால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடுவதென்று பொதுக்குழு தீர்மானித்துள்ளது.

அதற்கு முன், தாங்களோ தங்கள் செயற்பொறியாளரோ ஒரு நாள் நேரில் வர வேண்டும். முற்பகல் பதினோரு மணிக்கு அல்ல. எல்லோரும் வீடு திரும்பிய இரவு ஒன்பது மணிக்கு. எந்த பிளாக்கில் வேண்டுமானாலும், எந்த வீட்டில் வேண்டுமானாலும், பொதுச் சுவரை ஒட்டி ஒரு நாற்காலி போட்டுத் தருகிறோம். அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்.

இணைப்பு: முந்தைய கடிதங்கள், ஒப்புகைச் சீட்டுகள், பதில்களின் நகல்கள், வரைபட நகல், ஒதுக்கீட்டுக் கையேட்டின் தொடர்புடைய பக்கம், சுவிட்ச் பாக்ஸ் படங்கள், பொதுக்குழுத் தீர்மானம், ஒதுக்கீட்டாளர் கையொப்பங்கள்.